பொலிகிடாவை உருவாக்கும் குறியிடா ஆர்.என்.ஏ.

வெள்ளாட்டுக் கிடாவின் விரை வளர்வதையும் விந்து முதிர்வதையும் புரதம் தராத ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் நடத்துகின்றன. கருவில் பால் பிரியும் நாள் முதல் பெட்டை சினை பிடிக்கும் நாள் வரை அவை செய்யும் வேலையும், வெதுருகுப்பம் போன்ற ஊர்களின் ஆட்டுக்காரர்களுக்கு அதனால் கிடைக்கும் பாடமும்.

ஒரு பட்டியில் இருபது முப்பது பெட்டை ஆடுகளுக்கு ஒரு பொலிகிடா போதும். பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் தன் மரபில் பாதியைத் தாயிடமிருந்தும் மறுபாதியை அந்த ஒரே கிடாவிடமிருந்தும் பெறுகிறது. ஒரு பெட்டை சினை பிடிக்காமல் போனால் ஓர் ஈற்றுதான் நஷ்டம். கிடா மலடாக இருந்தால் அந்தப் பருவத்தின் ஈற்று முழுவதும் நஷ்டம். அதன் விந்து நலிந்திருந்தால் இழப்பு கண்ணுக்குத் தெரியாமலே வருடக்கணக்கில் தொடரும். ஆடு வளர்ப்பின் வரவு செலவு, கிடாவின் விரை சரியாக வளர்ந்ததா என்பதில் தொடங்குகிறது.

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் வெதுருகுப்பம் மண்டலம் இருக்கிறது. 1911ல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதி வட ஆற்காட்டோடு இருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எல்லைச் சீமை இது. வேர்க்கடலையும் மாவும் கரும்பும் விளையும் நிலங்களுக்கு இடையே குன்றுகளும் முட்புதர்க் காடுகளும் கிடக்கின்றன. மழை பொய்க்கும் ஆண்டில் சிறு விவசாயிக்கும் நிலமில்லாத குடும்பத்துக்கும் அவசரப் பணமாவது ஆடுதான். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 14.88 கோடி வெள்ளாடுகள் இருப்பதாகச் சொல்கிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது சுமார் 10 சதவீதம் அதிகம்.

இவ்வளவு பெரிய செல்வத்தின் ஆண் பாதி எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு, நெடுங்காலமாக ஹார்மோன்களையும் புரதம் தரும் மரபணுக்களையும் கொண்டே விடை சொல்லப்பட்டது. கடந்த இருபத்தைந்து ஆண்டு ஆய்வுகள் அந்த விடையில் விடுபட்ட பெரும்பகுதியைக் காட்டியிருக்கின்றன. அந்தப் பகுதிதான் குறியிடா ஆர்.என்.ஏ.

புரதம் ஆகாத செய்தி

உயிரினத்தின் செல்லில் டி.என்.ஏ.வில் உள்ள தகவல் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தப் படியைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. தசை, நொதி, பல ஹார்மோன்கள் எல்லாம் புரதங்களே. ஆனால், படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. அனைத்தும் புரதமாவதில்லை. பாலூட்டிகளின் டி.என்.ஏ.வில் புரதத்துக்குக் குறியீடாக அமையும் பகுதி இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதியின் பெரும்பகுதி பயனற்றது என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது. அந்தப் பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ.க்கள் பிறக்கின்றன. அவை புரதத்துக்கான குறியீட்டைச் சுமக்காமல், ஆர்.என்.ஏ.வாகவே இருந்து வேலை செய்கின்றன. ஏரி நிறைய நீர் இருந்தாலும் எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு பாய வேண்டும் என்பதை மடை திறப்பவர் முடிவு செய்வதுபோல, எந்த மரபணு எந்தச் செல்லில் எந்த நாளில் எவ்வளவு புரதம் தர வேண்டும் என்பதை இவை முறைப்படுத்துகின்றன.

இவற்றில் ஆண் இனப்பெருக்கத்தோடு நெருங்கிய தொடர்புடைய வகைகள் நான்கு. முதலாவது மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமே உள்ள இது, புரதக் குறியீட்டைச் சுமக்கும் செய்தி ஆர்.என்.ஏ.க்களில் தனக்குப் பொருந்தும் ஒன்றில் ஒட்டிக்கொண்டு அது புரதமாவதைத் தடுக்கும் அல்லது அதைச் சிதைக்கும். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 1993ல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்தார்கள். அதற்காக 2024ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். இரண்டாவது பிவி ஆர்.என்.ஏ. 24 முதல் 31 எழுத்து வரை நீளமுள்ள இது பிவி என்ற புரதக் குடும்பத்தோடு சேர்ந்து இயங்குகிறது. பாலூட்டிகளில் இதன் முதன்மையான இருப்பிடமே விரைதான். மூன்றாவது நீள் குறியிடா ஆர்.என்.ஏ. 200 எழுத்துக்கு மேற்பட்ட நீளம் கொண்ட இது, புரதங்களைத் தாங்கி டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. நான்காவது வட்ட ஆர்.என்.ஏ. இதன் இரு முனைகளும் இணைந்துவிடுவதால் எளிதில் சிதையாது.

உடலின் பெரும்பாலான உறுப்புகளோடு ஒப்பிட்டால் விரையில் குறியிடா ஆர்.என்.ஏ.க்கள் மிக அதிகம். அதற்கு ஒரு காரணம் விந்தணு உருவாகும் முறையில் இருக்கிறது. விந்தணு முதிரும் கடைசிக் கட்டத்தில் அதன் டி.என்.ஏ. இறுக்கமாகச் சுருட்டப்படுகிறது. அதற்குப் பிறகு புதிய படி எடுக்க முடியாது. தேவையான செய்திகளை முன்கூட்டியே எழுதிச் சேமித்து, உரிய நாளில் மட்டும் பயன்படுத்த வேண்டும். எதைச் சேமிப்பது, எதை அழிப்பது, எதை எப்போது திறப்பது என்ற பொறுப்பெல்லாம் ஆர்.என்.ஏ. மட்டத்திலேயே நடந்தாக வேண்டும்.

கருவில் பால் பிரியும் நாள்

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆட்டுக்கு 60 குரோமோசோம்கள் உண்டு. பெட்டைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், கிடாவுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். கரு உருவாகி முதல் சில வாரங்கள் வரை ஆண் கருவின் பாலுறுப்பு மொட்டும் பெண் கருவின் மொட்டும் ஒன்றுபோலவே இருக்கும். சுமார் 36ஆம் நாளில் பாதை பிரிகிறது. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு அப்போது இயங்கி, சாக்ஸ்9 என்ற மரபணுவை எழுப்புகிறது. சாக்ஸ்9 எழுந்த செல்கள் செர்டோலி செல்களாகின்றன. விந்தணுக்களை வளர்க்கும் செவிலிச் செல்கள் இவைதான். இவற்றைத் தொடர்ந்து ஆண் ஹார்மோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் தோன்றுகின்றன. பெண் கருவில் எஸ்.ஆர்.ஒய். இல்லை. அங்கே ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணு இயங்கி, சாக்ஸ்9 எழாமல் காத்து, சினைப்பையை உருவாக்குகிறது.

எஸ்.ஆர்.ஒய். மரபணு 1990ல் கண்டறியப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, வளர்ந்த சுண்டெலியின் விரையில் இதே மரபணுவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வின் பெரும்பகுதி வட்ட வடிவில் இருப்பது தெரிந்தது. அந்த வட்டத்திலிருந்து புரதம் வருவதாகத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் அது விளங்காத செய்தியாகவே இருந்தது. அந்த வட்டம் மிர்-138 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவைத்துக்கொண்டு அதன் வேலையை முடக்குகிறது என்று 2013ல் காட்டப்பட்டது. ஆண்மையைத் தொடங்கிவைக்கும் மரபணுவே புரதமாக ஒரு வேலையும் குறியிடா ஆர்.என்.ஏ.வாக வேறொரு வேலையும் செய்ய முடியும் என்பதற்கு இது சான்றானது.

கொம்பும் பாலும்: மொட்டை ஆட்டின் புதிர்

குறியிடாப் பகுதி பாலைத் தீர்மானிப்பதில் தலையிடும் என்பதை உலகுக்கு மிகத் தெளிவாகக் காட்டிய விலங்கு வெள்ளாடுதான்.

சானன், ஆல்பைன் போன்ற ஐரோப்பியப் பால் இனங்களில் கொம்பில்லாத ஆடுகள் உண்டு. கொம்புள்ள ஆடு முட்டும், வேலியில் சிக்கும் என்பதால் மொட்டை ஆடுகளையே விரும்பி இனம் பெருக்கினார்கள். அப்படிப் பெருக்கிய பட்டிகளில் ஒரு விபரீதம் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. பெட்டையும் இல்லாத, முழுக் கிடாவும் இல்லாத குட்டிகள் பிறந்தன. சில குட்டிகள் தோற்றத்தில் கிடாவாகவே இருந்தும் மலடாயின. இந்த இருபால் குட்டிகள் மரபால் பெட்டைகளே என்றும், கோளாறுக்கும் கொம்பின்மைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.ஏ. ஆஸ்டெல் 1944ல் எழுதினார்.

இதன் மரபு விதி எளிமையானது. கொம்பின்மை ஓங்கு பண்பு. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தப் பண்பு வந்தாலே குட்டி மொட்டையாகும். பாலுறுப்புக் கோளாறோ ஒடுங்கு பண்பு. இருவரிடமிருந்தும் அதே பண்பைப் பெற்ற பெட்டைக் குட்டிக்கு மட்டும் அது வரும். அப்படிப்பட்ட குட்டிக்கு ஒய் குரோமோசோமும் இல்லை, எஸ்.ஆர்.ஒய். மரபணுவும் இல்லை. இருந்தும் வயிற்றுக்குள் சினைப்பை உருவாக வேண்டிய இடத்தில் விரை உருவாகிறது. அந்த விரையில் விந்தணு முதிர்வதில்லை. இருபுறமிருந்தும் கொம்பின்மையைப் பெற்ற உண்மையான கிடாக்களுக்கும் தொல்லை உண்டு. அவற்றில் ஒரு பகுதிக்கு விரைமேல் நாளம் அடைபட்டு, விந்து வெளிவராமல் மலட்டுத்தன்மை ஏற்படுகிறது.

பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எரிக் பையூவின் குழு 2001ல் இதன் மூலத்தைக் கண்டது. ஆட்டின் முதலாம் குரோமோசோமில் 11,700 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்தத் துண்டில் புரதம் தரும் மரபணு எதுவும் இல்லை. ஆனால், அது இல்லாததால் அருகிலிருந்த இரண்டு மரபணுக்கள் கருவின் சினைப்பையில் இயங்காமல் போயின. ஒன்று, சுமார் 20,000 எழுத்து தள்ளியிருந்த பிஸ்ஆர்டி1. இது புரதம் தராத 1,500 எழுத்து ஆர்.என்.ஏ. மற்றொன்று, இரண்டு லட்சம் எழுத்துக்கும் அப்பால் இருந்த ஃபாக்ஸ்எல்2. புரதம் தராத ஒரு பகுதி போனதால் ஒரு பெட்டைக்கு விரை முளைத்தது என்ற முடிவு, பால் நிர்ணய ஆய்வையே திசை திருப்பியது.

இரண்டில் எது உண்மையான பொறுப்பாளி என்ற கேள்விக்கு 2014ல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். மரபணுத் திருத்த முறையில் ஃபாக்ஸ்எல்2 மரபணுவை மட்டும் முடக்கியபோதும் பெட்டைக் கருவில் விரை உருவானது. வெள்ளாட்டில் பெண்பாலைக் காக்கும் மரபணு ஃபாக்ஸ்எல்2 என்பது உறுதியானது. பிஸ்ஆர்டி1 தனியாக நின்று பாலை முடிவு செய்வதில்லை என்பதும் அதனால் விளங்கியது. ஆனால், அது அமைந்திருக்கும் குறியிடாப் பகுதிக்கு முக்கியமான வேலை உண்டு. அந்தப் பகுதி வளைந்து வந்து ஃபாக்ஸ்எல்2 மரபணுவின் தொடக்கத்தைத் தொட்டு அதை எழுப்புகிறது. 2009ல் வெளியான ஆய்வொன்று இதை மனிதரிலும் காட்டியது. கண்ணிமை குறுகிப் பிறக்கும் ஒரு பரம்பரை நோயில், ஃபாக்ஸ்எல்2 பழுதில்லாமல் இருந்தும் பிஸ்ஆர்டி1 பகுதியைச் சேர்ந்த 7,400 எழுத்துத் துண்டு காணாமல் போயிருந்தது. 2020ல் நீண்ட துண்டுகளாகப் படிக்கும் புதிய முறையால் மொட்டை ஆட்டின் மரபுத்தொகுதியை மீண்டும் படித்தபோது, காணாமல் போன துண்டின் இடத்தில் சுமார் 4,80,000 எழுத்து நீளமுள்ள வேறொரு பகுதியின் நகல் தலைகீழாகச் செருகப்பட்டிருப்பதும் தெரியவந்தது.

இந்தியாவுக்கு இது அயல்நாட்டுக் கதை இல்லை. பால் வளத்துக்காக சானன், ஆல்பைன் கிடாக்களை வரவழைத்து, கர்னாலின் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் பீட்டல் போன்ற நம் இனங்களோடு கலந்திருக்கிறது. கலப்பின ஆடுகள் பட்டிக்கு வரும்போது பின்பற்ற வேண்டிய விதி ஒன்றே: மொட்டைக் கிடாவை மொட்டைப் பெட்டையோடு சேர்க்கக் கூடாது. இருவரில் ஒருவருக்காவது பிறவிக் கொம்பு இருந்தால் குட்டி இந்தக் கோளாறைப் பெறாது. குட்டியிலேயே கொம்பு சுடப்பட்ட ஆட்டைப் பிறவி மொட்டை என்று எண்ணிவிடவும் கூடாது. செலவே இல்லாத இந்த விதியை ஒவ்வொரு ஆட்டுக்காரரும் தெரிந்திருக்க வேண்டும்.

குட்டி கிடாவாகும் பருவம்

பிறக்கும்போது கிடாக்குட்டியின் விரைகள் விரைப்பைக்குள் இறங்கியிருக்கும். உள்ளே விந்து நாளங்கள் மெல்லியவையாக இருக்கும். செர்டோலி செல்களும், பின்னாளில் விந்தணுவாகப் போகும் மூலச் செல்களும் மட்டுமே அவற்றில் இருக்கும். நான்கு முதல் ஆறு மாதத்தில் விரை வேகமாகப் பெருக்கிறது, குட்டி பருவத்துக்கு வருகிறது. அதன் பிறகு மூலச் செல் பிரிந்து, மரபைப் பாதியாக்கும் குன்றல் பிரிவைக் கடந்து, வாலுள்ள விந்தணுவாக 47.7 நாள் ஆகும் என்று வெள்ளாட்டில் அளந்திருக்கிறார்கள்.

இந்த நாள்களின் ஒவ்வொரு கட்டத்திலும் குறியிடா ஆர்.என்.ஏ.க்களின் பட்டியல் மாறுகிறது. பால் மறவாத குட்டியின் விரையையும் முதிர்ந்த கிடாவின் விரையையும் எடுத்து ஆர்.என்.ஏ.க்களை வரிசையிட்டுப் படித்தால், ஒன்றில் நிறைந்திருப்பது மற்றதில் அருகியிருப்பதைக் காணலாம். சானன் ஆட்டின் விரையில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் விரிவான பட்டியல் 2014ல் சீனாவிலிருந்து வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு யுன்னான் கருப்பு ஆட்டின் முழு மரபுத்தொகுதி படிக்கப்பட்டு, சுமார் 22,000 புரத மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. 2017ல் இதைவிட முழுமையான வரைபடம் கிடைத்தது. இந்த வரைபடங்கள் இல்லாமல், விரையில் கிடைக்கும் ஆர்.என்.ஏ. துண்டு எங்கிருந்து பிறந்தது என்று சொல்லியிருக்க முடியாது.

பட்டியலில் உள்ள சிலவற்றின் வேலை தனித்தனியாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. விந்து மூலச் செல் இரண்டு கடமைகளைச் சமன்செய்ய வேண்டும். தன்னைப் போன்ற மூலச் செல்லை உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு விந்தணுவாகப் போகும் செல்களையும் தர வேண்டும். முதல் கடமை தவறினால் கிடா சில ஆண்டுகளில் வற்றிவிடும். இரண்டாவது தவறினால் விந்தே இருக்காது. மூலச் செல்லை மூலச் செல்லாகவே வைத்திருக்கும் புரதங்களில் ஒன்று பி.எல்.இசட்.எஃப். பால் ஆட்டின் மூலச் செல்களில் மிர்-544 இந்தப் புரதத்தின் அளவை அடக்குகிறது. மிர்-204 என்பது சர்ட்1 என்ற மரபணுவின் வழியாக மூலச் செல்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. மிர்-34சி என்பது, பழுதான செல்களை அழிவுக்கு அனுப்பும் பி53 புரதத்தின் கட்டளையை நிறைவேற்றுகிறது. பழுதான மூலச் செல் விந்தணுவாகிவிடாமல் களைவது, அடுத்த தலைமுறைக் குட்டிக்குச் செய்யும் காவல்.

இந்தக் காவல் எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சுண்டெலி ஆய்வுகள் காட்டின. மிர்-34 குடும்பமும் அதன் உறவான மிர்-449 குடும்பமும் ஒன்றின் வேலையை மற்றொன்று ஏற்கக்கூடியவை. ஒரு குடும்பத்தை நீக்கினால் பெரிய பாதிப்பு இல்லை. இரண்டையும் நீக்கிய ஆண் சுண்டெலிகள் மலடாயின. விந்தணு எண்ணிக்கை குறைந்தது, வடிவம் கெட்டது, நீந்தும் திறனும் போனது. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெட்டித் தயாரிக்கும் டைசர் நொதியை செர்டோலி செல்களில் மட்டும் நீக்கியபோதும் விரை சிதைந்தது.

பெங்களூரில் கண்ட நீள் ஆர்.என்.ஏ.

நீள் குறியிடா ஆர்.என்.ஏ. விரையில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு முன்னோடி விடைகளில் ஒன்று, வெதுருகுப்பத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரிலிருந்து வந்தது. ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் எம்.ஆர்.எஸ். ராவின் குழு, சுண்டெலியின் எட்டாம் குரோமோசோமில் ஓர் இடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. குன்றல் பிரிவின்போது தாய்வழி மரபும் தந்தைவழி மரபும் துண்டு மாற்றிக்கொள்ளும் இடம் அது. அங்கிருந்து 2,400 எழுத்து நீளமுள்ள, புரதம் தராத ஓர் ஆர்.என்.ஏ. பிறப்பதை 2004ல் அவர்கள் அறிவித்தார்கள். அதற்கு மர்ல் என்று பெயரிட்டார்கள்.

மர்ல் செய்யும் வேலை 2012ல் தெளிவானது. விந்து மூலச் செல்களில் அது பி68 என்ற புரதத்தோடு இணைந்து, விண்ட் எனப்படும் சமிக்ஞைத் தொடரை அடக்கிவைக்கிறது. அந்தத் தொடர் அடங்கியிருக்கும்வரை செல் மூலநிலையிலேயே இருக்கும். மர்லின் அளவு குறையும்போது தொடர் விடுபட்டு, செல் குன்றல் பிரிவை நோக்கி நகர்கிறது. சாக்ஸ்9 மரபணுவின் நெருங்கிய உறவான சாக்ஸ்8 மரபணுவையும் மர்ல் கட்டுப்படுத்துவதைப் பின்னர் அதே குழு காட்டியது. மூலச் செல்லின் காத்திருப்புக்கும் புறப்பாட்டுக்கும் இடையில் ஒரு புரதம் தராத ஆர்.என்.ஏ. நிற்கிறது என்பதை இவ்வளவு கட்டம் கட்டமாகச் சொன்ன ஆய்வுகள் உலகிலேயே குறைவு. 2010ல் பத்மஸ்ரீ பெற்ற ராவ் 2023ல் மறைந்தார். அவர் தொடங்கிய பாதை இந்தியக் கால்நடை ஆய்வுக்கு ஒரு சொத்து.

மரபைக் காக்கும் பிவி படை

பாலூட்டிகளின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ பாதி, இடம் விட்டு இடம் தாவிய துண்டுகளாலோ அவற்றின் எச்சங்களாலோ ஆனது. உடலின் மற்றச் செல்களில் இத்துண்டுகளுக்கு வேதிப் பூட்டு போடப்பட்டிருக்கும். கருவில் வருங்கால விந்து செல்கள் உருவாகும்போது, பழைய பூட்டுகள் அனைத்தும் நீக்கப்பட்டுப் புதிதாகப் போடப்படுகின்றன. பூட்டு இல்லாத அந்த இடைவெளியில் தாவும் துண்டுகள் விழித்து, முக்கியமான மரபணுக்களுக்கு நடுவே புகுந்துவிடலாம். அந்த ஆபத்தைத் தடுப்பவை பிவி ஆர்.என்.ஏ.க்கள். தாவும் துண்டின் செய்தியைத் தேடிப் பிடித்து வெட்டுகின்றன. அத்துண்டு பிறக்கும் இடத்தில் மீண்டும் பூட்டு போடவும் வழிகாட்டுகின்றன.

இவை 2006ல் ஒரே நேரத்தில் பல ஆய்வுக்குழுக்களால் சுண்டெலி விரையில் கண்டறியப்பட்டன. இவற்றுக்குத் துணையான பிவி புரதங்கள் அதற்கு முன்பே தெரிந்திருந்தன. மிவி என்ற புரதத்தை நீக்கிய ஆண் சுண்டெலியில் விந்தணு, வால் முளைக்காத உருண்டைச் செல்லாகவே நின்றுவிடுவது 2002ல் தெரிந்தது. மிலி என்ற புரதத்தை நீக்கினால் குன்றல் பிரிவின் நடுவிலேயே எல்லாம் நின்றுவிடுகிறது. பெண் சுண்டெலிகளுக்கு இதனால் மலட்டுத்தன்மை வரவில்லை. சுண்டெலியில் இது ஆண்மைக்கென்றே அமைந்த காவல். பருவத்துக்கு வந்த விரையில் காணப்படும் பிவி ஆர்.என்.ஏ.க்களின் பெரும்பகுதி, குன்றல் பிரிவின் பாக்கிடீன் கட்டத்தில்தான் வெள்ளமாகப் பெருகுகிறது. அதனால், குட்டி பருவத்துக்கு வந்துவிட்டதற்கான மூலக்கூறு அடையாளமாகவும் இவற்றைக் கொள்ளலாம்.

விந்தணு சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ.

விரையிலிருந்து வெளிவரும் விந்தணு உடனே நீந்தாது, கருவூட்டவும் முடியாது. விரைமேல் நாளத்தில் சுமார் இரண்டு வாரம் பயணம் செய்தே அது முதிர்கிறது. அந்த நாளத்தின் சுவர், நுண்ணிய கொழுப்பு உறைகளில் சிறு ஆர்.என்.ஏ.க்களை நிரப்பி விந்தணுவுக்குத் தருகிறது. அவற்றில் பெரும்பகுதி, புரதத் தயாரிப்பில் பயன்படும் டி.ஆர்.என்.ஏ.க்களின் துண்டுகள். தகப்பன் சுண்டெலி தின்ற தீனியைப் பொறுத்து இத்துண்டுகளின் கலவை மாறுவதையும், அந்த மாற்றம் குட்டியின் வளர்சிதை மாற்றம் வரை எட்டுவதையும் 2016ல் வெளியான ஆய்வுகள் காட்டின. விந்தணு டி.என்.ஏ.வை மட்டுமே சுமந்து செல்கிறது என்ற பழைய எண்ணம் இதோடு முடிந்தது.

இந்தியாவில் பெங்களூரின் தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், காளை விந்தணுவில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதை 2017ல் விரிவாகப் பதிவு செய்தது. காளையின் விந்தைச் சோதித்து அதன் கருவூட்டும் திறனை முன்கூட்டியே கணிக்கும் முயற்சிக்கு இத்தகைய பட்டியல்தான் அடித்தளம். அதே முறை வெள்ளாட்டுக்கும் பொருந்தும். விந்தை எடுக்கக் கிடாவை அறுக்கவோ விரையைக் கீறவோ வேண்டியதில்லை என்பதால், உயிருள்ள பொலிகிடாவைச் சோதிக்க இதுவே தகுந்த வழி.

தீனியும் வெயிலும்

குறியிடா ஆர்.என்.ஏ.க்கள் சூழலுக்கு ஏற்ப அளவு மாறுபவை. பட்டிக்காரரின் பராமரிப்பு விரையைச் சென்று சேரும் வழியும் இதுதான். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெள்ளாட்டின் நெருங்கிய உறவான செம்மறியில் இதைச் சோதித்தார்கள். முதிர்ந்த மெரினோ கிடாக்களில் ஒரு பகுதிக்குத் தீனி குறைக்கப்பட்டது. அவற்றின் விரைகள் சுருங்கின. விந்து நாளங்களில் செல் இறப்பு கூடியது. விரையின் மைக்ரோ ஆர்.என்.ஏ., பிவி ஆர்.என்.ஏ. அளவுகளும் நன்றாகத் தின்ற கிடாக்களிலிருந்து மாறுபட்டன. 2015ல் வெளியான இந்த முடிவு, பட்டினிக்கும் மலட்டுத்தன்மைக்கும் இடையே உள்ள மூலக்கூறு வழியைக் காட்டுகிறது.

வெப்பமும் அப்படியே. விரை உடல் சூட்டைவிடச் சில டிகிரி குறைந்த சூட்டில்தான் வேலை செய்யும். அதற்காகவே அது உடலுக்கு வெளியே தொங்குகிறது. வெதுருகுப்பம் அடங்கிய, கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ராயலசீமையில், அதே மாதங்களில்தான் மேய்ச்சலும் வற்றுகிறது. அந்தக் காலத்தில் மூலச் செல் அடிபடுவதன் விளைவு உடனே தெரியாது. விந்தணு உருவாக 48 நாளும் முதிர இரண்டு வாரமும் சேர்த்தால், இன்றைய பாதிப்பு ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்தே விந்தில் வெளிப்படும். எனவே, கிடாவை இணைசேர்க்கும் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே அதற்கு நிழலும் நீரும் தரமான தீனியும் கிடைக்க வேண்டும். வேர்க்கடலைக் கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவதும், அகத்தி, சூபாபுல் போன்ற மரத்தழைகளை வெட்டிப் போடுவதும், கொஞ்சம் பிண்ணாக்கு சேர்ப்பதும் இந்த வட்டாரத்தில் கைக்கெட்டும் வழிகள். பருவம் தொடங்கிய பிறகு ஊட்டும் தீனி அந்தப் பருவத்தின் முதல் ஈற்றுக்கு உதவாது.

நம் ஆடுகளுக்கு வேண்டியது

வெள்ளாட்டு விரையின் குறியிடா ஆர்.என்.ஏ.க்கள் பற்றி வெளியான ஆய்வுகளில் பெரும்பகுதி சீன இனங்களையும் சானன் போன்ற பால் இனங்களையும் சார்ந்தவை. தென்னிந்திய ஆடுகளின் வாழ்க்கை வேறு. தூத்துக்குடி, விருதுநகர்ச் சீமையின் கன்னி ஆடும் கொடி ஆடும், சேலம், தருமபுரியின் சேலம் கருப்பும், சித்தூர்ப் பக்கத்துக் குன்றுகளில் மேயும் பெயரிடப்படாத நாட்டு ஆடுகளும், வெயிலையும் பஞ்சத்தையும் தாங்கியே தலைமுறைகளைக் கடந்தவை. அவற்றின் கிடாக்கள் கோடையிலும் விந்து வளம் காக்கின்றன என்றால், அந்தத் திறன் எந்த ஆர்.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவது நம் நாட்டு ஆய்வுக்கூடங்களின் கடமை.

அதற்கான நிறுவனங்கள் இருக்கின்றன. திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி 1955ல் தொடங்கியது. அது இன்று 2005ல் உருவான ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் அங்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989லிருந்து இயங்குகிறது. மதுரா அருகே மக்தூமில் 1979ல் அமைந்த மத்திய வெள்ளாடு ஆராய்ச்சி நிறுவனமும், கர்னாலின் தேசிய விலங்கு மரபு வளப் பணியகமும் உள்ளன. இவை கூடி நாட்டு ஆட்டு விரையின் ஆர்.என்.ஏ. பட்டியலைக் குட்டிப் பருவம், விடலைப் பருவம், முதிர்பருவம் என்று வகைப்படுத்தித் தயாரித்தால், மலட்டுக் கிடாவைக் குட்டியிலேயே கண்டு விலக்கும் சோதனைக்கு வழி பிறக்கும்.

ஆய்வுக்கூடச் சோதனை கிராமத்துக்கு வரும்வரை, இதுவரை தெரிந்த அறிவியலே சில முடிவுகளுக்குப் போதும். முதலாவது, வேகமாக வளரும் கிடாக்குட்டிகளைப் பண்டிகைச் சந்தைக்கு முதலில் விற்றுவிட்டு, மிஞ்சியதைப் பொலிக்கு வைக்கும் வழக்கத்தை விட வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறந்த மரபை விற்று நலிந்த மரபைப் பெருக்கும் வழக்கம் அது. பொலிக்கான குட்டியைத் தேர்ந்த பிறகே மற்றவற்றை விற்கவோ காயடிக்கவோ வேண்டும். இரண்டாவது, தேர்ந்த குட்டிக்கு இரண்டு விரைகளும் இறங்கி, அளவில் ஒத்து, தொடுவதற்குத் திண்மையாக இருக்க வேண்டும். ஒற்றை விரையோ சிறுத்த விரையோ உள்ள கிடா வாட்டசாட்டமாக இருந்தாலும் பொலிக்கு ஆகாது. மூன்றாவது, கிடா தன் மகள்களோடு சேராதபடி அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒடுங்கு பண்பாக மறைந்திருக்கும் கோளாறுகள் உறவுக்குள் சேர்க்கையில்தான் வெளிப்படும். மொட்டை ஆட்டின் பாலுறுப்புக் கோளாறு அவற்றில் ஒன்று மட்டுமே. நான்காவது, தாய் ஆட்டின் சினைக்காலத்தில் தீனி குறையக் கூடாது. கருவின் 36ஆம் நாளில் தொடங்கும் விரை வளர்ச்சிக்கு அடித்தளமான செர்டோலி செல்கள் தாயின் வயிற்றில் பெருகத் தொடங்கி, குட்டி பருவத்துக்கு வருவதோடு பெருகுவதை நிறுத்துகின்றன. அதன் பிறகு எவ்வளவு தீனி போட்டாலும் அவற்றின் எண்ணிக்கை கூடாது. ஒரு கிடா வாழ்நாளில் எவ்வளவு விந்து தர முடியும் என்பதன் உச்சவரம்பு, இந்தச் செல்களின் எண்ணிக்கையால் முன்பே முடிவாகிவிடுகிறது.